களிம்பு



தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் கைப்பட்டையின் திரை கறுத்துப்போச்சு. சார்ஜரில் போட்டேன், பொத்தானை அழுத்தினேன், அசையவே இல்லை. விரதம் இருந்து பெட்டாலிங் ஜெயாவில் தினமும் நடந்த கணக்கை நண்பர்களிடம் எப்படிக் காட்டுவதுன்னு தவிச்சேன்.

அம்மா கேட்டாங்க: "நீ முருகனுக்கு நடக்கிறியா, வாட்சுக்கு நடக்கிறியா?"

பதில் சொல்ல முடியலை.

பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு, பச்சைக் களிம்பு. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிச்சேன். திரை ஒளிர்ந்தது! பேட்டரி சாகலை, மின்சாரமும் நிற்கலை. நடுவில் களிம்புதான் தடை.

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையும் இதுவே: செம்பில் களிம்பு. உயிரும் உண்டு, அருளும் உண்டு. 'நான்' என்பது மறைக்கிறது. என் களிம்பு அந்த நடைக் கணக்குதான்.

பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். 272 படிகளையும் எண்ணாமல், அவன் பெயரைச் சொல்லியே ஏறினேன்.

உங்கள் களிம்பு எது? இன்றிரவு திருநீறு பூசும்போது யோசிங்க.

வேலும் மயிலும் துணை.