கொடுமணல் மணியும் குழந்தையின் கையும்

திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் நொய்யலின் வடகரையில், இன்று ஈரோடு மாவட்டத்துக்கு உட்பட்டுக் கிடக்கும் கொடுமணலில், 1980-களில் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்புலைகளோடும் மணிகளோடும் நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் வெளிப்பட்டன. இச்செய்தியைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வாசித்துக் கடந்துபோகும் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளியின் குழந்தைக்கு, களிமண்ணை உருட்டித் துளையிட்டு, ஈர்க்கைச் செருகி, ஒரு பிடி பஞ்சை முறுக்கிப் பார்க்கும் சந்தர்ப்பத்தைக் கொடுத்தால், இழை அறுந்து அறுந்து, கடைசியில் ஒரு முழம் அறாமல் நிற்கும் கணத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே ஆற்றங்கரையில் நூற்றவரின் விரல் பட்ட சிரமம் அதற்குப் பிரத்தியட்சமாகிறது. 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் மாணவர் கையில் தக்களியைக் கொடுத்ததுதான். ஆனால் சுயதேவைப் பூர்த்தியும் அதன் நோக்கங்களுள் ஒன்று. (குழந்தை உழைப்பை ஒழிக்கப் பெரும்பாடு பட்ட திருப்பூரில், எத்தனை முழம் என்று கணக்குக் கேளாத ஆசிரியரே இதைக் கற்பிக்கத் தக்கவர்.)

தக்களியோடு நின்றுவிட்டால் சங்கடமில்லை. கொடுமணலில் இடுதுளையோடு கூடிய ஈமக் கற்பதுக்கைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அக்கல் கொங்கு மண்ணில் விளைவதன்று. தொலைவிலிருந்து வருவித்து, தேய்த்து, மெருகேற்றி, மயிரிழை போன்ற துளையிட்டு முடித்த அத்தனை உழைப்பையும் மறுபடி எவர் கண்ணும் படாதபடி மண்ணுக்குள் வைத்து மூடியது எதற்காக? தைத்த உருப்படிக்குத் தக்க கூலி என்று பீஸ்ரேட்டிலேயே வீட்டு வரவுசெலவைக் கேட்டு வளர்ந்த குழந்தை, ஒற்றைக் களிமண் மணியைத் துளையிடவே திணறிய பின்பு, இதைக் கேட்காமல் இராது.

சைவ சித்தாந்திகள் அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். மணி செய்வது எப்படி என்பது காண்டலுக்கு எட்டும். புதைத்தது ஏன் என்பதற்குக் கருதல் ஒன்றே துணை. உரையோ, பானையோடுகளில் தமிழி எழுத்தாகப் பல பெயர்களை நமக்கு விட்டுச்சென்றதே ஒழிய, மரணத்தைப் பற்றி அப்பெயருடையோர் கொண்ட நம்பிக்கையை விட்டுச்செல்லவில்லை. ஆகவே, அட்டைப்பெட்டியில் ஈமக்குழி செய்து, பொம்மையைக் கிடத்தி, ‘மறுமையில் அணிந்துகொள்ளவே மணி வைத்தார்கள்’ என்று ஆசிரியர் முடித்துக்கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். அது கருதலுக்குக் காண்டலின் வேடம் கட்டுவது.

அதைவிட, வாய்க்கரிசி இடுவதும் நெற்றியில் காசு வைப்பதும் எதற்கென்று தன் பாட்டியிடம் கேட்டுவரக் குழந்தையை அனுப்பலாம். ‘பெரியவங்க செஞ்சாங்க, நாமளும் செய்யறோம் கண்ணு’ என்பதற்கு மேல் அவளிடம் விடை இல்லாமற் போகலாம். ஆயினும் அவள் அழுதுகொண்டே இட்ட அரிசி பொய்யாகிவிடாது. கற்பதுக்கைக்குள் மணிகளை வைத்தவரும், காரணம் கேட்டிருந்தால், ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.