விருப்பம் என்ற கையெழுத்து

'சுயவிருப்பு ஓய்வு' என்ற தொடரை நமது பத்திரிகைகள் இப்போது மிகச் சாதாரணமாக எழுதுகின்றன. சுயம், விருப்பு, ஓய்வு மூன்றுமே இனிய சொற்கள். வகுப்பில் இலக்கணம் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் இத்தகைய தொடர்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. ஐம்பது வயதில் வேலையை விட்டு வருகிறவர் ஓய்வெடுப்பதில்லை. அடுத்த வேலை தேடுகிறார். ஆகவே 'ஓய்வு' உடனேயே விழுந்துவிடுகிறது. 'சுயம்' கையெழுத்திடும் இடத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள 'விருப்பு' பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது. ஒருவர் எப்போது விரும்பினார் என்று சொல்லலாம்?

2025 ஆகஸ்டில் மின்சாரத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 1969 இல் அமைக்கப்பட்ட இலங்கை மின்சார சபையின் பணிகளை அரசுக்கே முழுமையாகச் சொந்தமான கம்பனிகளிடம் பிரித்துக் கொடுப்பது அதன் ஏற்பாடு. சபையின் ஊழியர் புதிய கம்பனியொன்றில் சேரலாம். சேர விரும்பாதவர் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு சுயவிருப்பின் பேரில் விலகலாம். செப்டம்பரில் தொழிற்சங்கங்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கின. மின்விநியோகம் அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நீ இல்லாமல் முடியாது என்ற கடிதமும், நீ விரும்பினால் போகலாம் என்ற கடிதமும் ஏறக்குறைய ஒரே நாட்களில் ஒரே மனிதருக்குக் கிடைத்தன. இதில் சட்டப் பிழை எதுவுமில்லை. ஆனால் அந்த மனிதர் இரவில் தூங்கியிருக்க மாட்டார்.

பலாங்கொடைப் பக்கத்தில் அப்படியொருவரை எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் மின்கம்பம் ஏறியவர். இளைய மகன் என்னிடம் படிக்கிறான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று அவர் சொன்னார்: "சேர், எவனும் என்னப் போகச் சொல்லல்ல. போறதெண்டா போகேலும் எண்டுதான் சொல்லீக்கிறாங்க. ஆனா ஈந்த எடத்திலயே ஈக்கேலுமெண்டு ஒருத்தனும் சொல்றல்ல."

இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்த அறை இடிக்கப்படவிருந்தது. புதிய கம்பனியில் சேர்பவரின் நிபந்தனைகள் முன்னையதிலும் குறையமாட்டா என்ற உறுதி தரப்பட்டது உண்மை. அதை நம்பிச் சேர்வதும் ஒரு தெரிவுதான். என்றாலும் 'இருந்தபடி இருத்தல்' என்ற தெரிவு பட்டியலில் இருக்கவில்லை.

அரிஸ்டோட்டில் தனது ஒழுக்கவியல் நூலில் ஓர் உதாரணம் தருகிறார். புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலைக் காப்பாற்றச் சரக்குகளைக் கடலில் எறிகிறான். அவன் விரும்பி எறிந்தானா? எறிந்த கை அவனுடையது. ஆனால் அமைதியான கடலில் எந்த மாலுமியும் சரக்கை எறிவதில்லை. இதனை விருப்பும் விருப்பின்மையும் கலந்த செயல் என்கிறார் அவர். (அந்நூல் அரபுக்குப் பெயர்க்கப்பட்டு, பின்னாளில் இப்னு ருஷ்து அதற்கு விளக்கம் எழுதியதை இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.) அரிஸ்டோட்டிலின் உதாரணத்தில் புயலை அனுப்பியவரும் சரக்குக்கு விலை பேசுபவரும் ஒருவரல்லர் என்பது முக்கியம். நம் காலத்துச் சுயவிருப்பு ஓய்வுகளில் புயல் வரப்போவதாக அறிவிப்பவரே சரக்கை வாங்க ஓலையோடு வந்து நிற்கிறார்.

தனியார் துறையில் இந்த ஓலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1971 இன் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இரண்டாவது வழி நீண்டது. ஆகவே கம்பனிகள் முதலாவது வழியைப் பணம் கொடுத்துத் திறக்கக் கற்றுக்கொண்டன. தொழிலாளியைப் பாதுகாக்கச் சட்டம் அவன் கையில் கொடுத்த பேனாவே இப்போது விலை பேசப்படுகிறது. ஆணையாளர் வழியாகப் போனாலும் கணக்கு வேடிக்கையானது. முதல் 5 வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். சேவைக்காலம் ஏற ஏற அந்த அளவு இறங்கி, 25 வருடம் கடந்த ஒருவரின் பிந்திய வருடங்கள் அரை மாதச் சம்பளமாகச் சுருங்குகின்றன. மொத்தம் எவ்வளவானாலும் 25 இலட்சத்தைத் தாண்டாது. 2021 வரை அந்த எல்லை பன்னிரண்டரை இலட்சம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். உழைப்பும் அப்படித்தான் போலும்.

அந்தப் பிந்திய வருடங்களில் என்ன இருக்கிறது என்பதை 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது கேகாலை மாவட்டத்தவர்கள் கண்டார்கள். மண் சரிந்த மலைச்சாரலில் எந்தக் கம்பம் எந்த வளைவில் நின்றது, எந்தக் கம்பியில் எங்கிருந்து மின்சாரம் திரும்பி வரும் என்பதெல்லாம் வரைபடத்தைவிடப் பழைய ஆட்களின் தலையில்தான் நன்றாக இருக்கிறது. இழப்பீட்டுச் சூத்திரத்தில் அதற்கு ஒரு நிரல் கிடையாது.

நமது பிக்ஹு நூல்கள் இந்த இடத்தை வெகு நுணுக்கமாகத் தொட்டிருக்கின்றன. கொடுக்கல் வாங்கலுக்கு 'ரிழா' எனும் மனப்பொருத்தம் வேண்டும். 'இக்ராஹ்' எனும் நிர்ப்பந்தம் அதைக் கெடுக்கும். ஹனபி அறிஞர்கள் நிர்ப்பந்தத்தை இரு தரமாகப் பிரித்தனர். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்துக் காட்டுவது ஒன்று. அதற்குக் குறைந்தது மற்றது. நிர்ப்பந்தத்தில் நடந்த விற்பனையை, அந்த நிர்ப்பந்தம் நீங்கிய பின் அம்மனிதன் ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும் என்றனர். நம் ஷாஃபிஈ மத்ஹபில், விற்றவரும் வாங்கியவரும் அந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை மனம் மாறலாம். நிபந்தனையிட்டுக்கொண்டால் மூன்று நாள் வரை. இவை பொருள் விற்பனைக்குச் சொல்லப்பட்டவை. வேலையை விடுவதற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை உலமாக்களே பேசட்டும். எனக்குப் படிப்பினையாகத் தெரிவது அதன் பின்னாலுள்ள மனித அறிவுதான். ஒரு பேரீச்சம்பழ மூட்டைக்கு மனம் மாற அவகாசம் கொடுத்தவர்கள் அவர்கள். இருபத்தாறு வருடத்தைக் கொடுப்பவருக்கு விண்ணப்பிக்கக் கடைசித் திகதி இருக்கிறது. வாபஸ் வாங்கும் திகதி அநேகமாக இருப்பதில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதை நான் இலேசாக எண்ணவில்லை. வளர்ந்த மனிதனுக்குத் தன் நன்மை தெரியாதா? முழங்கால் தேய்ந்தவர், ஹஜ்ஜுக்குப் போகக் காத்திருப்பவர், சிறிய கடையொன்று போட நினைப்பவர் எல்லோரையும் பாவப்பட்டவர்களாக நினைப்பதும் ஒருவகை அவமதிப்புத்தான். 1990 இல் 44/90 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் கீழ் முன்கூட்டியே விலகிய அரச ஊழியர் பலர் ஓய்வூதியத்தோடு போனார்கள். அவர்களில் மகிழ்ந்து போனவர்களும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் மறுத்திருந்தாலும் திணைக்களம் அங்கேயே இருந்திருக்கும். ஏற்றுக்கொண்டவரைப் பார்த்து விருப்பத்தை அளக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். மறுத்தவருக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் பழைய மேசையில் பழைய மரியாதையோடு இருக்கிறாரென்றால், போனவர் விரும்பியே போனார்.

கையில் வரும் மொத்தப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தினபுரியில் இலட்சங்களோடு ஒருவர் வீதியில் நடந்தால் மாணிக்கக் குழிப் பங்கொன்று அவரைத் தேடி வரும். மகளின் கலியாணம், மைத்துனரின் கடன், முச்சக்கர வண்டி எல்லாம் பின்னாலேயே வரும். மாதச் சம்பளக்காரருக்கு 'இல்லை' என்று சொல்ல ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதுவும் போய்விடுகிறது. கையெழுத்து ஒருவருடையது, பணம் ஊருடையது, பிந்திய மாதங்களின் அடுப்பு மனைவியுடையது. அவளிடம் மஷூரா செய்தவர் எத்தனை பேர்?

சமனலவெவ மின்நிலையம் இயங்கத் தொடங்கிய அதே 1992 இல்தான் சப்ரகமுவத் தோட்டங்களின் நிர்வாகமும் அரசிடமிருந்து பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியது. தோட்டத்தில் 'சுயவிருப்பு ஓய்வு' என்ற பெயர் கிடையாது. பேரை வெட்டுவது என்பார்கள். அங்கே ஓலை வருவதில்லை. வேலை நாள் குறையும், மலை காடாகும். பிறகு அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கலாம் என்ற பேச்சு வரும். கிலோவுக்கு உடனே காசு. சேமலாப நிதி கிடையாது, செக்ரோலில் பேர் கிடையாது. அதே கை, அதே கூடை. 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட் சம்பளம். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய்ப்படி, முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு 567,000 ரூபாய். பெண்ணுக்கு 50 வயதில் சேமலாப நிதியும் கைக்கு வரும். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் அது அவள் ஒருநாளும் காணாத தொகை.

ஆனால் அவள் விற்பது வேலையை மட்டுமா? மின்சார சபை நானா கையெழுத்திட்டால் வேலைதான் போகும், வீடு அவருடையது. லயத்துக் காம்பராவோ வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒரு பேராவது செக்ரோலில் இருக்கும்வரை கதவை யாரும் தட்ட மாட்டார்கள் என்பது எழுதாத நம்பிக்கை.

என்னிடம் படித்த பிள்ளையின் தாய் போன மாதம் பாடசாலைக்கு வந்தாள். கணக்குக் கேட்கத்தான் வந்தாள் என்று எண்ணி 567,000 ஐத் தாளில் எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. "சார், நான் பேர வெட்டிட்டா காம்பராவக் கேப்பாங்களா? மவன் கொழும்புல கடையில நிக்கிறான், அவன் பேரு இங்க பதியல. மருமவ பேரப் பதிஞ்சிட்டு அப்புறம் என் பேர வெட்டச் சொன்னா துரை ஒத்துக்குவாரா?" என்று கேட்டாள்.