வானத்துக் கண்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தின் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கொடையைச் சொல்வது. நிலத்தைச் சொன்னதோடு அது நிற்கவில்லை. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகுக் கால் வழியாக ஏரிக்கு வரும் நீரையும் சொல்கிறது. நிலத்தை எழுதிய கை, அதில் வாழப் போகிறவனையும் நினைத்திருக்கிறது.

இன்று நிலத்தை எழுதுவது செயற்கைக்கோள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளைக் கணினியில் படமாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பியர் 2014-இல் ஏவிய சென்டினல்-1 ரேடார் அலையால் பார்ப்பது. ஐப்பசி மேகமும் அதற்குத் திரையன்று. பயிர் வளர வளரத் திரும்பி வரும் அலை மாறுகிறது. இது நெல், இது மக்காச்சோளம் என்று அந்த மாற்றமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. (சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன்.)

உழவனைக் கேளாமல் அவன் காட்டை அறியலாமா? அறியத்தான் வேண்டும் என்பேன். 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்ட படைப்புழு 2018-இல் இந்தியாவிலும் தலைகாட்டியது. அத்தகைய வேளையில் மக்காச்சோளம் எங்கெங்கே நிற்கிறது என்று தெரிந்திருப்பது சிறிய உதவியா? ஆனால் அந்தப் படம் முதலில் யார் கைக்குப் போகிறது? விளைச்சல் பெருகப் போவதைத் தீவன வியாபாரி அறுவடைக்கு முன்பே அறிந்து, விதைத்தவன் சந்தையில் விலை விழுந்த பிறகு அறிந்தால், அது என்ன நியாயம்?

படம் சரிதானா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் எப்படியும் வயலுக்குப் போகிறார்கள். போனவர்கள் உழவனிடம் கேட்பதோடு, அவனுக்குச் சொல்லிவிட்டும் வரலாமே!