கொள்ளிடத்துக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்

'கீழத்தஞ்சையில் சேரி செங்கொடி பிடித்தது. தென்னாற்காட்டில் ஏன் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை?' கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்வி. சிலர் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள்: "அந்தச் சனம் ரோசமான சனம். இந்தச் சனம் அப்படி இல்ல." இது சாதியின் பதில். குணம் பிறப்பில் வருகிறது என்று சொன்னவன் மனு. அதையே மாவட்டவாரியாகப் பிரித்துச் சொன்னால் மட்டும் அது சமூக ஆய்வாகிவிடாது. எனவே வேறு இடத்திலிருந்து தொடங்குவோம்.

கம்பெனிக்காரன் தஞ்சாவூரை 1799இல் எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாபின் சீமையை 1801இல் எடுத்துக்கொண்டான். கொள்ளிடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே கவர்னர், ஒரே கோர்ட்டு. மன்றோ கொண்டுவந்த ரயத்துவாரிதான் இரண்டு பக்கமும் நிலைத்தது. ஆனால் நூறு வருசம் கழித்துப் பார்த்தால் இரண்டு கரையிலும் இரண்டு விதமான சமூகம் நிற்கிறது. எப்படி?

அந்தக் கரை ஆற்றுப் பாசனம். நிலம் மிராசுதாரிடம் குவிந்தது. அவர் ஏர் பிடிப்பதில்லை, சேற்றில் இறங்குவதில்லை. ஒரு பண்ணைக்குப் பத்து, ஐம்பது, நூறு பண்ணையாட்கள். குடிசை போட்ட மனையும் மிராசுதாருடையது. நடவுக்கும் அறுப்புக்கும் சேரியே ஒன்றாக வயலில் இறங்கும். கூலி நெல், அளக்கும் மரக்கால் ஒன்று, அளப்பவன் ஒருவன். எதிரி யார் என்று யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் சங்கம் கட்ட வந்தபோது, சேர்ந்து வேலை செய்த கைகள் சேர்ந்து வேலையை நிறுத்தவும் தயாராக இருந்தன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு விலையாக 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

இந்தக் கரையில், எங்கள் நல்லூர்ப் பக்கம், பெரும்பகுதி புஞ்சை. ஏரி, கிணறு, மழை. கம்பு, வரகு, பிறகு மல்லாட்டை. பட்டா சின்னச் சின்னக் குடியானவர்கள் பெயரில் சிதறிக் கிடந்தது. ஆண்டை தானே ஏர் பிடிப்பான். அவனுக்குப் பின்னால் இரண்டாவது ஏரில் நம் தாத்தா. ஒரு வீட்டுக்கு ஒரு படியாள், அல்லது இரண்டு பேர். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக வருசக்கணக்கில் கட்டுப்பட்டவர்கள். ஒரே சேரியில் இருபது வீடு இருந்தால் இருபது ஆண்டைகள். எவன் வாசலில் போய்க் கொடி நடுவது? அந்த ஆண்டையும் கடன்காரன்தான். நம்மிடமிருந்து அவனை வேறுபடுத்திக் காட்ட அவனிடம் சாதியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே அதை விடாமல் பிடித்துக்கொண்டான். இங்கே மோதல் கூலியில் தொடங்குவதைவிட, செருப்பில், சைக்கிளில், கடைவீதியில் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். 1978இல் விழுப்புரத்தில் 12 பேர் கொல்லப்பட்டதையும், 1987இல் தென்னாற்காட்டில் நம் குடிசைகள் எரிந்ததையும் இந்த மண்ணோடு சேர்த்தே யோசிக்கவேண்டும்.

வடக்கே செங்கல்பட்டு இன்னொரு கதை. அங்கே தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. நம்மவன் விண்ணப்பம் போட்டால் அவன் குறுக்கே நிற்பான். அந்த மாவட்டத்துக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

வெள்ளைக்காரன் இதையெல்லாம் வெறும் கையிலிருந்து உண்டாக்கவில்லை. அவன் ஊருக்கு வந்து, "இந்த நிலம் யாருடையது?" என்று கேட்டான். கேட்டது யாரிடம்? கச்சேரிக்கு வரக்கூடியவனிடம், கணக்கு எழுதத் தெரிந்தவனிடம். அவன் சொன்ன பதில் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறியது சட்டமானது. ஊருக்கு ஊர் பதில் சொன்னவன் வேறு, நீர் வேறு, பயிர் வேறு. ஆகவே சமூகமும் வேறு. கேட்கப்படாதவன் மட்டும் எல்லா இடத்திலும் ஒருவனே.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1607இல் வர்ஜீனியாவிலும் 1630இல் மாசசூசெட்சிலும் குடியேறியவர்கள் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள். ஒரு பக்கம் புகையிலைத் தோட்டமும் ஆப்பிரிக்க அடிமைகளும். இன்னொரு பக்கம் சிறு விவசாயமும் தேவாலயமும் பள்ளிக்கூடமும். வடக்கு சுதந்திர பூமி, தெற்கு அடிமை பூமி என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் மாசசூசெட்சு 1641லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டது. அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்தும் போயின. வித்தியாசமான இரண்டு சமூகம். இரண்டுக்கும் அடியில் ஓடியது ஒரே உறவு.

இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி வருகிறது. எல்லாவற்றையும் நீரும் பட்டாவும் தீர்மானித்தது என்றால் குற்றவாளி யார்? "அன்னிக்கு நெலமை அப்படி, எங்க தாத்தா என்ன பண்ணுவாரு?" என்று படித்த சாதி இந்து நண்பர்கள் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் இது. மூன்று சீமையில் மூன்று விதமான நில உறவு இருந்தது. ஆனால் மூன்றிலும் சேரி ஊருக்கு வெளியில்தான் இருந்தது. மூன்றிலும் கிணறு தனி, சுடுகாடு தனி. நீர் மாறியும், பயிர் மாறியும், பட்டா மாறியும் மாறாத ஒன்றை நீரும் பட்டாவும் செய்ததாகச் சொல்லமுடியாது. அதை மனுசன் செய்தான். தினமும், தெரிந்தே செய்தான். 1843இல் அடிமை முறையைக் கோர்ட்டு ஏற்காது என்று சட்டம் வந்த பிறகும் செய்தான். ஒடுக்குமுறை என்ன உருவம் எடுத்தது என்பதை நில உறவு விளக்கும். ஒடுக்கியவனுக்கு அது மன்னிப்புச் சீட்டு தராது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தென்னாற்காட்டுக்கு உள்ளேயே வீராணத்துத் தண்ணீர் பாயும் பூமி இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல்.இளையபெருமாள் பாராளுமன்றம் போய், இந்தியா முழுக்கத் தீண்டாமையைப் பதிவு செய்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தார். அங்கே கொடி, இங்கே பள்ளிக்கூடமும் ஓட்டுச்சீட்டும். எது உசத்தி என்று தராசில் வைப்பது வீண் வேலை. காலடி மண் என்ன ஆயுதம் கொடுத்ததோ அதை எடுத்தார்கள்.

ரோசம் ரத்தத்தில் இல்லை என்பதற்கு எங்க ஆயா சொல்வதே போதும். "சூளை வேலைக்குப் போயி வாரக் கூலி வாங்குனவன்தாண்டா மொதமொதல்ல 'ஆண்டை'ன்னு கூப்புடறத வுட்டான்." விருத்தாசலத்துச் செராமிக்ஸ் கொட்டகைகளும் நெய்வேலிச் சுரங்கமும் யாருக்கும் புது ரத்தம் ஏற்றவில்லை. கடன் இல்லாத ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தன. அவ்வளவுதான். அதே கூலியை வைத்து ஊர்த்தெருவில் ஒரு மனை வாங்கமுடியவில்லை என்பதையும் ஆயாவே சொல்லும்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ச் சனத்துக்கு ரோசம் இருக்கிறதா இல்லையா என்று அளப்பதை விடுங்கள். தாலுகா ஆபீசுக்குப் போங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். உங்கள் சேரி மனை யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதியபோது உங்கள் கொள்ளுத்தாத்தாவை யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். அன்றைக்குக் கேட்கப்படாத பதிலை இன்றைக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.