தீயோன் கதையும் திரட்டுவோர் நெஞ்சமும்

பொருள்களைத் திரட்டி வைத்தல் மாந்தர்க்கு இயல்பான விருப்பங்களுள் ஒன்று. அஞ்சல்தலை, நாணயம், பழஞ்சுவடி என அவ்விருப்பம் பலவாறு கிளைக்கும். அவற்றைத் திரட்டுவோரை உலகம் பாராட்டுகிறது. ஆனால், ஒரு கொடியவன் வரும் படக்கதை நூல்களையே தேடித் தேடித் திரட்டுவோரைக் காணுங்கால் ஒரு வினா எழுகிறது. தீயோன் கதையை விரும்புதல் தீமையை விரும்புதல் ஆகுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்கப் படக்கதைகளில் வரும் ஜோக்கர் தக்க சான்று. வெளிறிய முகமும் பச்சை முடியும் மாறாச் சிரிப்பும் கொண்ட இக்கொலைகாரன், 1940ஆம் ஆண்டில் 'பேட்மேன்' முதல் இதழில் தோன்றினான். அவ்விதழிலேயே அவனை மாய்த்துவிடக் கதை படைத்தோர் எண்ணியிருந்தனர். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதனைத் தடுத்தார். அவன் பிழைத்திருப்பதைக் காட்டும் சிறு படமொன்று இறுதியில் சேர்க்கப்பட்டது. அப்படத்தால் பெற்ற வாழ்வு எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நீள்கிறது.

அவனது முகத்தின் வரலாறும் எண்ணத்தக்கது. 1928ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் கான்ராட் வெய்ட் புனைந்த வேடமே அதற்கு முன்மாதிரி. அப்படம் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோவின் புதினத்தைத் தழுவியது. அதன் நாயகனோ நல்லவன். சிறுவனாய் இருந்தபோது கொடியோரால் முகம் சிதைக்கப்பட்டு, அழும்போதும் சிரிப்பவன்போல் தோன்றும் நிலைக்கு ஆளானவன். துன்புற்றவனின் முகம் பின்னாளில் துன்புறுத்துவோனுக்கு உரியதாயிற்று!

இத்தகைய கதைகள் இளையோரைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். அமெரிக்காவில் எழுந்த அவ்வச்சத்தின் விளைவாக, 1954ஆம் ஆண்டில் பதிப்பாளர்களே ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டனர். நன்மை வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்று அது விதித்தது. கதை கதையே, அதனால் யாருக்கும் கேடில்லை என்பர் மறு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல. தீமையைக் காட்டாத இலக்கியம் அறத்தின் அருமையையும் காட்டவியலாது. ஆகவே, தீயோன் கதையைப் படித்தல் பிழையன்று. படிப்போர் நெஞ்சம் யார் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி.

அந்நெஞ்சத்தை 1988ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு வாக்கெடுப்பு வெளிப்படுத்தியது. பேட்மேனின் இளந்துணைவன் ராபினை ஜோக்கர் கொடுமையாகத் தாக்குகிறான். பின்னர் வெடிகுண்டு வெடிக்கிறது. சிறுவன் பிழைக்கலாமா, மாளலாமா? முடிவு வாசகர்களிடமே விடப்பட்டது. இரண்டு தொலைபேசி எண்கள் அளிக்கப்பட்டன; அழைப்பு ஒன்றுக்கு 50 காசு கட்டணம். பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள் வந்தன. சாகட்டும் என்று 5,343. எழுபத்திரண்டு அழைப்புகள் மிகுதியாக வந்தமையால் சிறுவன் இறந்தான். காசு கொடுத்துச் சாவைக் கேட்டவர்கள் ஜோக்கர் அல்லர்; வீட்டில் அமர்ந்திருந்த வாசகர்கள். கதையில் மாண்டவன் 2005ஆம் ஆண்டில் உயிருடன் திரும்பினான். ஆயினும், சாகட்டும் என்று சொன்ன சொல்லை எந்த எழுத்தாளராலும் திரும்பப் பெற இயலாது.

திரட்டுவோருக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. 10 காசுக்கு விற்ற 'பேட்மேன்' முதல் இதழின் படியொன்று 2021ஆம் ஆண்டு ஏலத்தில் 22 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. அத்தகைய படிகளைத் திறக்கவியலாத நெகிழிப் பேழைக்குள் அடைத்து வைப்பதும் உண்டு. பேழைக்குள் இருப்பதைப் படிக்க முடியாது. படிக்காத இடத்தில் கொடியவன் வெறும் விலைப்பொருளாகிறான். அவனால் மாண்டோர் மறக்கப்படுகின்றனர். திறந்து படிப்பவனுக்கோ, கொன்றவனோடு கொல்லப்பட்டவனையும் நினைக்கும் வாய்ப்பேனும் உண்டு.

ஆதலின், மாணவன் கையில் இத்தகைய நூலைக் காணும் ஆசிரியர் அதனைப் பறித்தல் வேண்டா. 'இதில் துன்புற்றவர் யார்?' என்று ஒரு வினா கேட்டால் போதும். அதற்கு விடை கூற அறிந்த மாணவன் எத்தனை தீயோர் கதைகளைத் திரட்டினாலும் தீங்கில்லை. விடை கூற அறியாதவனுக்கோ, நல்லோர் கதைகளை மட்டுமே கொடுத்தாலும் பயனில்லை.