சுவரில் இருந்த ஓதம்

நம்மில் அநேகர் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே பாயில் அருகருகே உட்காருகிறோம். ஆனால் மாதம் ஐந்தாம் தேதி வந்தால் நம் இருதயத்தின் உண்மையான நிறம் வெளியே வந்துவிடுகிறது. என்னுடைய நிறம் வெளிப்பட்ட விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் 11 வருஷம் பெரம்பூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். 2009-ல் காலி செய்தபோது, "பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிறேன், அதுதான் வழக்கம்" என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோது அவர் பெயிண்ட் அடித்துத் தரவில்லை. எங்கள் செலவில்தான் வெள்ளையடித்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. "நான் வீட்டுக்காரனானா இப்படிச் செய்யவே மாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகு கொளத்தூரில் ஆறே வீடுகள் உள்ள ஒரு சிறிய கட்டடத்தில், முதல் மாடி வீட்டைக் கடனில் வாங்கினோம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நேர் கீழே உள்ள வீட்டையும் வாங்கி, 2021-ல் வாடகைக்கு விட்டோம். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. வந்தது ஒரு வாலிபத் தம்பதி, இரண்டு பிள்ளைகள்.

அவர்களோடு எனக்கு ஓயாத மனஸ்தாபம். வாடகை இரண்டு முறை இருபதாம் தேதி வரை தள்ளிப்போனது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். டேங்க் நிரம்பி வழியும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். மாடியிலிருந்து நான் சத்தம் போடாத வாரமில்லை.

2024-ல் அவர்கள் காலி செய்தார்கள். பெயிண்டுக்கு 12,000, மோட்டார் ரிப்பேருக்கு 3,000, ஆக 15,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 45,000 கொடுத்தேன். அந்தத் தம்பி பணத்தை எண்ணிவிட்டு, "சார், பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல நாங்க வரும்போதே ஓதம் இருந்துச்சே. பெயிண்ட் உரிஞ்சதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். "அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே தம்பி" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அவர்கள் வண்டி போனபிறகு என் மனைவி கேட்டாள்: "அந்த ஓதம் எங்கேயிருந்து இறங்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நம்ம பாத்ரூம்லேருந்துதானே?"

தெரியும். பிளம்பர் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். தரையை உடைக்கச் செலவாகும் என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. எழுதிக் கையெழுத்தானதைத்தான் செய்தேன். அப்படியானால் நான் செய்தது நியாயந்தானா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. காலி செய்தபின், பிடிக்கவேண்டியது போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகின சென்னைக்கு இது பெரிய மாற்றம். ஆனால் சட்டம் ஒப்பந்தத்தைத்தான் வாசிக்கும். ஓதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குள்ளே தெரிந்ததை அது வாசிக்காது. அதை வாசிக்க மனசாட்சிதான் உண்டு.

பிறகு என் சாக்குகளைப் பார்த்தேன். "எல்லாரும் இப்படித்தான் பிடிக்கிறாங்க" என்றேன். பெரம்பூர் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அன்று அது எனக்கு அநியாயமாகத் தோன்றியது. "அவங்க ஒழுங்கா இருக்கலையே" என்றேன். வாடகை தாமதமானது அவர்கள் குற்றம். சுவர் நனைந்தது என் குற்றம். அவர்கள் குற்றத்தைக் காட்டி என் குற்றத்தின் செலவை அவர்கள் தலையில் கட்டினேன். "கையெழுத்துப் போட்டாங்களே" என்றேன். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எதிலும் கையெழுத்துப் போடுவான். நானும் ஒருநாள் அப்படி நின்றவன்தான்.

சாவி கை மாறினால் நியாயமும் மாறுமானால், அது நியாயமே அல்ல, சௌகரியம்.

அப்படியானால் வீட்டுக்காரர் எதையும் கேட்காமல் பொறுத்துக்கொண்டே போகவேண்டுமா? இல்லை. எங்கள் கட்டடத்திலேயே ஒரு வயதான விதவைத் தாயார், தன் வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்குகிறார்கள். 2020 ஊரடங்கில் குடியிருந்தவருக்கு வேலை போயிற்று. அந்த அம்மா வாடகை கேட்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்த பிறகும் அவர் ஐந்து மாதம் கொடுக்கவில்லை. "கரண்டையும் தண்ணியையும் கட் பண்ணுங்கம்மா, தானா போயிடுவான்" என்றார் ஒருவர். அது சட்டப்படியும் குற்றம். அந்த வீட்டுக் கைக்குழந்தைக்குச் செய்யும் கொடுமையும்கூட. "பாவம், விட்டுடுங்கம்மா" என்றார் இன்னொருவர். அடுத்தவர் பணத்தில் இரக்கம் காட்டுவது சுலபம்! கடைசியில் நாங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். ஊரடங்கு மாத வாடகையை அந்த அம்மா முழுவதும் தள்ளினார்கள். மீதியைத் தவணையாகக் கொடுத்து, நாள் குறித்துக் காலி செய்யச் சம்மதித்தார் அவர். எல்லாத் தவணையும் வரவில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் சபிக்காமல் பிரிந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான்கு மாதம் கழித்து அந்தத் தம்பியின் புது வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனேன். மோட்டாருக்குப் பிடித்தது நியாயமென்று பட்டது. பெயிண்டுக்குப் பிடித்த 12,000-ஐ நீட்டினேன். அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டார்கள். "அந்த மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையலை அடகு வச்சோம் சார், இன்னும் மீட்கலை" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்திற்று. அடுத்த வாரம் அடகு வட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சகேயு ஏன் நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. என் பெட்டியில் 12,000-ஆகக் கிடந்த பணம், அவர்கள் வீட்டில் ஒரு ஜோடி வளையலாகக் குறைந்திருந்தது. நாம் பிடித்துவைக்கிற தொகை, இழந்தவர் வீட்டில் அதே அளவாக நிற்பதில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்திருக்கிறது. என் பாத்ரூம் தரையை உடைத்துச் சரிசெய்த பிறகே சாவி கொடுத்தேன். குடிவந்த அன்று இருவருமாகச் சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் பார்த்து, போட்டோ எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். வாடகைக்கு மாதாமாதம் ரசீது கொடுக்கிறேன். "தாமதமானா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றும் கேட்டுக்கொண்டேன். மோட்டார் சில நாள் இப்போதும் வழிகிறது. இறங்கிப்போய் நானே அணைத்துவிட்டு, கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பிரியமானவர்களே, இன்று யாருக்காவது சேரவேண்டிய பணம் "வழக்கம்" என்ற பேரில் உங்கள் பெட்டியில் இருக்கிறதா? கையில் பணம் வந்திருந்தும் ஒரு வயதானவருக்குச் சேரவேண்டிய வாடகையைத் தள்ளிக்கொண்டே போகிறீர்களா? அடுத்தவர் சுவரைப் பார்க்குமுன், அங்கே இறங்குகிற தண்ணீர் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போமாக.