பாதிப் பங்கு யாருக்கு?

"தம்பி, என் மகன் உங்க வகுப்புக்குப் படிக்கத்தான் வர்றான். மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க இல்ல."

பாயா ரும்புட்டில் சனிக்கிழமை மாலைதோறும் நம் இயக்கக் கிளை நடத்தும் படிப்பு வகுப்புக்கு வந்த ஒரு தாயார் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு மகனை மோட்டாரில் ஏற்றி வந்து விடுகிறவர். நான் ஆசிரியர் இல்லை. பத்து பெரண்டாம் பக்கம் வேலை செய்யும் ஒரு டெக்னீஷியன், வார இறுதியில் கணக்கும் வரலாறும் சொல்லித் தருகிறேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பட்டமோ பயிற்சியோ கிடையாது. ஆனாலும் கேள்வி நியாயமானது. கெட்டிக்காரப் பிள்ளை தன் நேரத்தைப் பின்தங்கிய பிள்ளைக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவனா?

நம் வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது: "சேவை மனப்பான்மை வேணும், கல்வியைக் கொடுத்தால் குறையாது." மேடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தில் அந்தப் பையன் தனியாகத்தான் உட்காரப் போகிறான். யு.பி.எஸ்.ஆர். 2021இல் போய்விட்டது. பி.டி.3 2022இல் போய்விட்டது. முதலாம் ஆண்டிலிருந்து மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மாஜோங் தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி, குழு குழுவாகவே படித்து வளர்கிற பிள்ளைக்கு, நாடு முழுக்க ஒன்றாக எழுதும் பெரிய தேர்வு 17 வயதில் வருகிறது. அங்கே 'குரூப்' கிடையாது. அந்த அம்மாவின் கணக்கு இதுதான். 'சேவை' என்ற ஒரே சொல்லைச் சொல்லி அவர் வாயை அடைப்பது சரியில்லை.

வேறொரு கணக்கு நம்மிடமே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை நாம் இலக்கணப் புத்தகம் என்று மட்டும்தான் நினைக்கிறோம். அதன் பாயிரத்தில் மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பகுதி உண்டு. ஆசிரியர் சொல்வதை என்னதான் நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அதில் கால் பங்குதான் கைக்கு வரும் என்கிறார் முனிவர். உடன் படிப்பவர்களோடு சேர்ந்து பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும், கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். சமஸ்கிருதத்தில் வழங்கும் ஒரு சுலோகம் வேறு மாதிரி பிரிக்கிறது: ஆசிரியரிடமிருந்து கால், சொந்த அறிவால் கால், உடன் மாணவர்களிடமிருந்து கால், காலப்போக்கில் கால். பங்கு கொஞ்சம் மாறுகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டிலும் முழுக் கால் பங்கு உண்டு.

ஆக, அந்தத் தாயாருக்கு என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்தது: "அக்கா, அவன் கொடுக்கல. வாங்கிக்கிட்டு இருக்கான்." சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் பெரிய லாபம். நான் படிவம் 5இல் கற்ற கூடுதல் கணிதத்தைவிட, அதை அடுத்தவருக்கு விளக்கும்போது கற்றதுதான் இன்றும் தலையில் நிற்கிறது.

பலரும் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொஞ்சம் தள்ளி யோசித்தால் இதே கணக்கு நம்மைச் சுடும். எடுத்துச் சொல்வதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது என்றால், எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பாதி எப்போது கிடைக்கும்? வாராவாரம் அதே கெட்டிக்காரப் பெண் சொல்கிறாள், அதே பையன் தலையாட்டுகிறான். அவளுக்கு அரை, அவனுக்குக் கால். 'உதவி' என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஏற்பாட்டில், இருக்கிறவளுக்கே மேலும் சேருகிறது. கூடிக் கற்றலில் நஷ்டப்படுகிறவன் கெட்டிக்காரன் என்பதுதான் பொதுவான புகார். என் கண்ணுக்கு நஷ்டம் மற்ற பக்கம்தான் தெரிகிறது.

இது புதிய பிரச்சினை இல்லை. ஊரில் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். கொஞ்சம் முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி மற்றவர்களுக்குப் பாடம் சொல்லி, பாடம் கேட்பான். 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்த மணல் எழுத்தைத் தன் பள்ளிக்குக் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் 8 வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்பது அவன் பெயர். வகுப்பு ஓடியது. 1797இல் பெல் இதை லண்டனில் அறிக்கையாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். அந்த முறை பரவியதற்கு முக்கியக் காரணம் அது மலிவானது என்பது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிள்ளைகளும் மந்திரம்போல் ஒப்பித்தார்கள். இன்னொன்று நம் பக்கத்துக் கதை. சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்கு இன்று என்ன அர்த்தம்? "ரொம்ப சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே" என்கிறோம். பாடம் சொல்லிக் கொடுத்த பையனைத் தமிழ் ஞாபகம் வைத்திருப்பது இப்படித்தான். அடுத்தவன் காதைத் திருகும் அதிகாரம் அவனுக்கு இருந்தது.

அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடமும் இருந்ததில்லை. கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர், ஊரில் திண்ணைக்கு வெளியே நின்றவர்கள். ஏகலைவன் கதையை நாம் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கூட்டத்தில் சேர்க்கப்படாததால்தானே அவன் காட்டில் தனியாகப் படித்தான்?

நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பிறகு தோட்டப் பள்ளிகள் வந்தன. ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், நாலைந்து வகுப்பு. அங்கே பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தந்தது தத்துவத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால். மாணவர் மிகக் குறைந்த தமிழ்ப்பள்ளிகளில் இன்றும் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறார்கள்.

இப்போது '21ஆம் நூற்றாண்டுக் கற்றல்' என்று கல்வி அமைச்சே குழுக் கற்றலை வலியுறுத்துகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மேசைகளைச் சேர்த்துப் போட்டதாலேயே பிள்ளைகள் சேர்ந்து படிப்பதாகிவிடாது.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்தபோது மலாய் எனக்குத் தடுமாற்றம். குழு வேலை என்றால் எனக்கு ஒரே வேலைதான்: "நீ கலர் அடி." வருடம் முழுக்க மாஜோங் தாளுக்கு ஓரம் வரைந்தேன். குழுவுக்கு 'ஏ' கிடைத்தது, எனக்கும் 'ஏ' கிடைத்தது. பாடம் கிடைக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். வேலை சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான். இன்று நம் வகுப்புக்கு வரும் தம்பி தங்கைகளிடம் "குரூப்ல நீ என்ன செஞ்ச?" என்று கேட்டால், "நான் வெட்டி ஒட்டினேன் அண்ணா" என்ற பதில் இன்னும் வருகிறது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. வேலை செய்தவளுக்கு அது அநியாயம். வெட்டி ஒட்டியவனுக்கோ, தான் எதுவும் கற்கவில்லை என்பதே தெரியாமல் போகிறது.

இதற்கு மாற்று வழி ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், அதுவரை இன வாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். அடிதடி. எலியட் அரன்சன் என்ற உளவியல் பேராசிரியர், பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுக்கச் செய்தார். உன் துண்டு உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது வேண்டுமென்றால் உன்னிடம்தான் கேட்டாக வேண்டும். ஆங்கிலம் சரியாக வராத பிள்ளையை முதலில் கேலி செய்தவர்கள், நல்லபடி கேட்டால்தான் தங்களுக்குப் பாடம் கிடைக்கும் என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 'ஜிக்சா' என்று நம் ஆசிரியர்களும் சொல்வது இதைத்தான்.

இதை வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் செய்து பார்த்தோம். 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, அதனால் அந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் பயம் அதிகம். மலாக்கா சுல்தான் ஆட்சியை நாலாகப் பிரித்தோம். மலாய் வாசிக்கத் திணறும் ஒரு தங்கைக்குத் துறைமுகமும் வாணிபமும் வந்தது. வேறு யாரிடமும் அந்தப் பக்கம் இல்லை, கேட்டு எழுத வழியில்லை. மூன்று முறை வாசித்தாள். நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி வணிகர்கள் பொறுப்பு, குஜராத்திகளுக்குத் தனியாக ஒருவர், தென்னிந்தியா, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு இன்னொருவர் என்று தமிழில் திக்கித் திக்கிச் சொன்னாள். "அப்பவே நம்ம ஆளுங்க இங்க இருந்தாங்களா?" என்று ஒருவன் கேட்டான். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

அன்று எங்கள் கெட்டிக்காரப் பெண்ணுக்கு நான் கொடுத்த வேலை, அவள் முறை வரும்வரை பேசாமல் இருப்பது. "அண்ணா, கணக்கு போடுறதவிட இது கஷ்டம்" என்றாள். நிஜமாகவே கஷ்டம்தான். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இன்னொருவர் தேடுவதற்கு இடம் விடுவதும் ஒரு தர்மம் என்று நினைக்கிறேன். நாம் தானதர்மத்தைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

கூடிப் பேசினால் உண்மை தானாக வந்துவிடும் என்றும் நம்பக் கூடாது. முதலாம் படிவப் பையன்கள் மூன்று பேர் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்தால் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேலயும் மேலயும் கூட்டு, கீழயும் கீழயும் கூட்டு. அஞ்சுல ரெண்டு." மூன்று பேருக்கும் ஒரே விடை, அதனால் மூன்று பேருக்கும் ஒரே நம்பிக்கை. தனியாக இருந்திருந்தால் ஒருவனாவது சந்தேகப்பட்டிருப்பான். நான் விடை சொல்லவில்லை. "அரை ரொட்டி சானாய் சாப்பிட்ட. மேல இன்னும் மூணுல ஒரு பங்கு சாப்பிட்ட. மொத்தம் அரை ரொட்டியவிடக் குறைச்சலா?" என்று மட்டும் கேட்டேன். அதுவரை பலகை அழித்துக்கொண்டிருந்தவன்தான் முதலில் சிரித்தான்: "சாப்பிடச் சாப்பிட எப்படிண்ணா குறையும்?" அவனையே மற்ற இருவருக்கும் விளக்கச் சொன்னேன். ரொட்டியை ஆறாக வெட்டி, ஆறில் ஐந்துக்கு வந்து சேர 20 நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை வழி தவறினான். நானே பலகையில் போட்டிருந்தால் இரண்டு நிமிடம்.

ஆசிரியர்களின் சிரமம் இந்த 18 நிமிடத்தில்தான் இருக்கிறது. எனக்குச் சனிக்கிழமை மாலை முழுக்க இருக்கிறது, அவர்களுக்கு மணி அடித்துவிடும். பாடத்திட்டம் முடிய வேண்டும். சத்தம் கேட்டால் 'வகுப்புக் கட்டுப்பாடு இல்லை' என்பார்கள். குழுவாக வேலை வாங்கி, பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 6 வரை தனித்தனி அடைவுநிலை பதிய வேண்டும். அதோடு குழுவாக உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்து ஆதாரமாக வைக்கவும் வேண்டும் என்று ஆசிரியை ஒருவர் சொல்லிச் சிரித்தார். லாபமும் அவர்களுக்கு உண்டு. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால், தப்பு எந்த இடத்தில் முளைக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பயிற்சித் தாளும் அதைக் காட்டாது. ஆனால் 30 பேருக்கு மேல் உள்ள வகுப்பில் ஏழெட்டுக் குழுவையும் ஒருவர் எப்படிக் கேட்பார்?

எங்கள் வகுப்புக்கும் அதே பிரச்சினை வந்துவிட்டது. மூன்று குழுவாக இருந்தது இப்போது ஆறு. வாசிக்கவே கூச்சப்படும் பிள்ளைகளை எழுப்பிப் பேசச் சொல்வதா, இன்னும் கொஞ்ச நாள் விடுவதா என்று ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும். மலாக்காவில், குறிப்பாகச் செங், குருபோங், தஞ்சோங் மின்யாக் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகள் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? கணக்கில் 'ஏ' தேவையில்லை. குழுவில் ஒருவராக உட்கார்ந்து, விடை தெரிந்தாலும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.